பெருமாயிக்கு இரண்டு நாள் கூலி

கோவில்பட்டி,
23-11-1981

அன்புள்ள ராதாமணிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. நானும் பாமாவும் நல்ல சுகம். உன் சுகத்துக்கும், நர்சுப் படிப்பு எப்படிப் போகிறது என்பதற்கும் பதில் போடு.

முதலில் என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை காலை ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று கொடியில் கிடந்த துண்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். மில் கேட்டில் வாட்ச்மேன் சண்முகராஜ் அண்ணாச்சி நிறுத்தி, "ஏலே மாயகிருஷ்ணா, துண்டுல நாடா தொங்குதே, புது மாடலா?" என்றார். பார்த்தால் நம் மகள் பாமாவின் பாவாடை. அன்று முழுக்க எனக்குப் 'பாவாடை மேஸ்திரி' என்று பேர். பேரளவிலாவது மேஸ்திரி ஆனோமே என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

அப்படி என்ன யோசனை என்று கேட்பாய். முந்தின சாயங்காலம்தான் பெருமாயி, "திங்கக்கிழமையிலருந்து பிள்ளை பாக்க ஏலாது அண்ணாச்சி, தீப்பெட்டி ஆபீசுக்குப் போறேன்" என்று சொல்லியிருந்தாள். உனக்கு உடனே எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ரயிலில் வந்து இறங்கியிருப்பாய். மிச்சமிருக்கும் எட்டு மாதப் படிப்பு மதுரையிலேயே நின்றுபோயிருக்கும். இப்போது எல்லாம் ஜெயமாக முடிந்துவிட்டது. பயப்படாமல் மேலே படி.

நீ கிளம்பியபோது நம் லைன் வீட்டில் ஆறு குடும்பமும் சேர்ந்து பெருமாயியிடம் பிள்ளைகளை விட்டோமே, அதற்குக் கூலி வகுத்தது நான். நம் ஊர் மூளை எந்தப் பக்கம் ஓடும்? தீப்பெட்டி ஆபீசில் ஒரு கட்டை நிறையக் குச்சி அடுக்கினால் இவ்வளவு என்று கொடுக்கிறார்கள் அல்லவா, அதுபோலப் பிள்ளைக்கு நாளுக்கு எட்டணா, வராத பிள்ளைக்குக் கிடையாது என்றேன். எட்டாம் வகுப்பை விட மனசில்லாமல் மூன்று வருஷம் அங்கேயே இருந்தவன் சொன்ன கணக்கை எல்லாரும் மெச்சினார்கள். ஐப்பசி மழை பிடித்தது. பிள்ளைகளுக்குச் சளி, காய்ச்சல். சில நாள் ஒற்றைப் பிள்ளைதான் வந்தது. ஒன்றானாலும் அவளுக்கு வேலை முழுநாள்தானே? கூலி மட்டும் எட்டணா. இதில் என்னைப் போல மில் கூலி வாங்குகிற கருத்தையா தன் மகனை மத்தியானமே தூக்கிப்போய், "பாதி நாள்தான இருந்தான்" என்று நாலணாவை நீட்டியிருக்கிறான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் குழாயடியில் கூடினோம். நான்தான் பெரிய தலைவர் மாதிரித் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வராத பிள்ளைக்கு எப்படிம்மா கூலி கொடுக்க?" என்று ஆரம்பித்தேன். பெருமாயி பாமாவை இடுப்பில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏன் அண்ணாச்சி, போன வருசம் பஞ்சு வரலன்னு மில்ல மூடுனப்ப கேட்டுல நின்னு என்ன கத்துனிய? பஞ்சு வரலன்னா எங்களுக்குப் பசிக்காதான்னுதான கத்துனிய? பிள்ளை வரலன்னா எனக்கு மட்டும் பசிக்காதோ?"

ராதாமணி, நான் முதலாளி என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை மாதம் முதலாளியாக இருந்தும் ஒரு கார் வாங்கவில்லை பார்.

எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன். கருத்தையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏலே, நீ பெத்தவன் கட்சியா, பாக்குதவ கட்சியா? கருங்காலிப் பயலே!" என்றான். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் ஆறுமுகத்தாய், நியாயம்தான், ஆனால் மில்காரர்கள் கொடுக்கிற அளவுக்குத் தன் கூலி தாங்காதே என்றாள். அதுவும் நிஜம். அங்கேதான் என் மூளை முதல் தடவையாக உருப்படியாக ஓடியது. ஆளுக்கு இவ்வளவு என்று வேண்டாம். வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் மாதம் தன் கூலியில் இரண்டு நாள் கூலியைப் பெருமாயிக்குக் கொடுக்க வேண்டியது. பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும். ஞாயிறு அவளுக்கு லீவு, தீபாவளிக்குச் சேலை. கூட்டிப் பார்த்தோம். தீப்பெட்டி ஆபீசில் கிடைப்பதைவிடக் கொஞ்சம் கூடவே வந்தது.

"எனக்கு மட்டும் எதுக்குக் கூட? எம்பிள்ளை என்ன ரெண்டு வாயாலயா திங்குதான்?" என்று கருத்தையா குதித்தான். அவன் பெண்சாதி முப்பிடாதி, "அப்பம் நாளைக்கு நீங்களே வச்சுப் பாருங்க. சாயங்காலம் வந்து எட்டணா தாரேன்" என்றாள். குழாயடியே அதிர்ந்தது. சம்மதம் என்று முதலில் கை தூக்கியவன் அவன்தான்!

இன்று காலை தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து ஹாரன் அடித்தது. பெருமாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாமாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். டிரைவர் இன்னொரு தரம் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். ஜெயித்தோம்.

ஹாஸ்டல் சோறு வாயில் வைக்க விளங்கவில்லை என்றாலும் பட்டினி கிடக்காதே. கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்து பிள்ளையைப் பார். வந்தால் திரும்பிப் போக வேண்டும், அதையும் மறந்துவிடாதே.

கூட்டம் கலையும்போது பக்கத்து வீட்டு சோலைராஜ், "உம் பொண்டாட்டி நர்சாயி வந்து மொத ஊசிய உனக்குத்தாம்ல போடப்போறா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். "போடட்டும்ல, அதுக்குத்தான் கைய நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்று வாய்வரை வந்ததை அவனிடம் சொல்லவில்லை.

இப்படிக்கு,
மாயகிருஷ்ணன்