வானொலியில் கேட்ட குரல்

அன்புள்ள அம்மாவுக்கு, ஃப்ரீடவுனிலிருந்து லஹாயின் சலாம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? சித்தியின் காய்ச்சல் இறங்கியதா?

ஞாயிறு மதியம் சாப்பிடும்போது வானொலியில் எபோலா பற்றிய விவாதம் ஓடியது. கைலாஹுனிலிருந்து ஒரு பெண் போன் செய்து டாக்டரை ஒரு பிடி பிடித்தாள்.

"நோயாவது ஒண்ணாவது! முதுகுல டப்பாவக் கட்டிக்கிட்டு மருந்து அடிக்க வர்றானுங்களே, அவனுங்கதான் ஆளக் கொல்றானுங்க. எம்மவன் அங்க ஓட்டல்லதான் சமைக்கிறான். நெசமா இருந்தா எங்கிட்ட சொல்லமாட்டானா?"

உங்கள் குரல்தான், அம்மா. கூட வேலை செய்யும் ஜூசு, "அந்த மவன் வாயத் தொறந்தா நம்ம பாடு கொஞ்சம் குறையும்டா" என்று சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

ஓட்டலை மூடி நான்கு மாதமாகிறது. அந்த டப்பா இப்போது என் முதுகில்தான் இருக்கிறது. பயப்படுவீர்கள் என்றுதான் மறைத்தேன். இரண்டு வாரம் முன்பு எபோலாவில் இறந்த ஓர் அம்மாவைப் புதைத்தோம். எங்களுக்குத் தெரியாமல் அவள் உடலைக் குளிப்பாட்டி நோய் தொற்றிய மகளை நேற்று புதைத்தோம்.

சித்தியை ஒளித்து வைக்காதீர்கள். டப்பாக்காரர்கள் வந்தால் கதவைத் திறந்துவிடுங்கள். கெட்டது நடந்தாலும் நீங்கள் குளிப்பாட்டக் கூடாது, அம்மா.

குளோரின் பட்டு என் கையெல்லாம் வெடித்திருக்கிறது. பனங்கொட்டை எண்ணெய் ஒரு புட்டி, இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் லாரிக்காரர் வாண்டியிடம் கொடுத்தனுப்புங்கள். அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார், நிறுத்துகிறேன்.

வரும் ஞாயிறும் வானொலிக்குப் போன் செய்யுங்கள். மகன் சொல்லிவிட்டான் என்று சொல்லுங்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உங்கள் லஹாய்