தொடையில் கட்டிய ரப்பர் பட்டை

அனுப்புநர்:
பூ. ஷில்பா (வயது 19),
த/பெ. பூதலிங்கம்,
கரமனை, திருவனந்தபுரம்.

பெறுநர்:
விளையாட்டுத் துறை அலுவலர் அவர்கள்,
திருவனந்தபுரம்.

பொருள்: ஓட்ட வீராங்கனைகளின் தொடையில் ரப்பர் பட்டை கட்டிப் பயிற்சி அளிப்பதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. நான் நூறு மீட்டர் ஓட்ட வீராங்கனை. நகரிலுள்ள தனியார் பயிற்சி விடுதி ஒன்றில் தங்கிப் பயிற்சி பெற்றுவந்தேன். அதன் முகவரியை இணைத்துள்ளேன்.

2. சென்ற ஆண்டு அங்குள்ள பயிற்சியாளர் கேசவ் அவர்கள் ஒரு புதிய முறையைத் தொடங்கினார். தொடையின் மேற்பகுதியில் பட்டை கட்டி, இரத்த ஓட்டத்தைக் குறைத்துவிட்டு, குறைந்த எடையைத் தூக்கச் செய்வது. அதிக எடை தூக்கிய பலன் கிடைக்கும் என்றார். அது பொய்யல்ல. ஆளுக்கேற்ப அழுத்தத்தை அளந்து காட்டும் பட்டையில் செய்தவரை என் கால்களில் வலு கூடியது. ஓட்டத் தொடக்கமும் வேகமானது.

3. அந்தப் பட்டை பழுதானதும் வேறு வாங்கவில்லை. மாநிலப் போட்டி நெருங்கியதால் சாதாரண ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினார். கால் மரத்துப்போகிறது, பயமாக இருக்கிறது என்றேன். "மரத்தா பேடிக்காண்டாம். அப்பந்தான் ஸ்பீடு வரும், கேட்டியா" என்றார்.

4. டிசம்பரில் ஒரு காலை, எங்களுக்குக் கட்டிவிட்டு, விருந்தினர்களை வரவேற்க அவர் வெளியே போனார். அவர் வராமல் அவிழ்க்கக் கூடாது என்பது விதி. பக்கத்திலிருந்த என் தோழி ஸ்ரீப்ரியா தன்னுடையதை அவிழ்த்துவிட்டு, என்னையும் அவிழ்க்கச் சொன்னாள். அணியிலிருந்து நீக்கிவிடுவார் என்று நான் அவிழ்க்கவில்லை. வெகுநேரம் கழித்து அவர் திரும்பி வந்தபோது வலி நின்றுபோயிருந்தது. எழுந்தேன். இடது பாதத்தைத் தூக்க முடியவில்லை.

5. நரம்பு நசுங்கியிருப்பதாக மருத்துவர் கூறினார். திரும்ப ஓடுவாளா என்று அப்பா கேட்டதற்கு, முதலில் நடக்கட்டும் என்றார். நான் மாடிப்படியில் விழுந்ததாக விடுதியில் சொல்லிவருகிறார்கள். அக்கம்பக்கத்தில் கேட்பவர்களிடம் என் தாயாரும் இப்போது அப்படியே சொல்கிறார். நான் மறுப்பதில்லை. மாநிலப் போட்டியன்று எங்கள் அணி ஓடியதைப் போனில் பார்த்தேன். அழுகை வரவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

6. சென்ற வாரம் ஸ்ரீப்ரியா போன் செய்தாள். "இப்பவும் அதே ரப்பர்தான் கெட்டுகாரு. புதுசா வந்த எட்டாங்கிளாஸ் பிள்ளைகளுக்கும்" என்றாள். அதன் பிறகே இம்மனுவை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே, தாங்கள் நேரில் விசாரித்து, அந்த ரப்பர் பட்டைகளை அப்புறப்படுத்த வேண்டுகிறேன். முறையறிந்தவர் அழுத்தத்தை அளந்து, அருகிலேயே நின்று செய்விக்க முடியாதெனில் அப்பயிற்சியே வேண்டாம். எனக்கு நிவாரணம் கேட்கவில்லை. கால் மரத்துப்போனால் யாரையும் கேட்காமல் அவிழ்த்துவிடலாம் என்று அந்தப் பிள்ளைகளிடம் தாங்களே ஒருமுறை சொல்ல வேண்டும். நான் சொல்லப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
பூ. ஷில்பா

இடம்: திருவனந்தபுரம்
நாள்: 17.02.2025