ஸ்டோர் என்று நான் எழுதிய அறை

இன்று நடுப்பகலில் சேலையூரில் ஒரு பிளாட். இரண்டாவது அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன், லைட்டை அணைத்தேன், பையிலிருந்து நாலாக மடித்த செய்தித்தாளை எடுத்துப் பிரித்தேன். அந்த மை வாசனை மூக்கில் ஏறியதுமே நீ வந்து பக்கத்தில் நின்றுவிட்டாய். வெளியே வீட்டம்மா கதவைத் தட்டினார். "சார், கரண்ட் கிரண்ட் போயிடுச்சா? உள்ள என்ன பண்றீங்க?" என்றார். "பேப்பர் படிக்கிறேம்மா" என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

நீ ஆரம்பித்து வைத்த பைத்தியம்தானே இது, மச்சான்? கடன் கொடுக்கும் வங்கிக்காக வீடு வீடாகப் போய் அளந்து, மதிப்புப் போட்டுக் கொடுக்கும் பிழைப்பு நம் இருவருக்கும். டேப்பின் ஒரு முனை உன் கையில், மறுமுனை என் கையில். பில்டர்கள் எதையெல்லாம் பெட்ரூம் என்றார்கள்! துணி காயப்போடும் பால்கனியை அடைத்து ஒன்று. சமையலறையில் பாதியைத் தடுத்து ஒன்று. முடிச்சூரில் ஒருவர் மாடிப்படிக்குக் கீழே கட்டிலைப் போட்டுக் காட்டியபோது, "குனிஞ்சே தூங்கணுமா சார்?" என்று கேட்டாயே, அவர் முகத்தில் ஈயாடவில்லை. அளவு, உயரம், வெளிக்காற்றுக்குத் திறக்கிற ஜன்னல் என்று விதி இருக்கத்தான் இருக்கிறது. ஜன்னல் என்று எதையாவது வைத்துவிடுகிறார்களே, அதற்காக நீ கண்டுபிடித்த பரீட்சை இது. "நடுப்பகல்ல கதவ சாத்து, லைட்ட அணை, பேப்பர எடு. வரி தெரிஞ்சா பெட்ரூம். தெரியலன்னா ஸ்டோர். அவ்ளோதான்டா" என்பாய்.

ஊரார் வீட்டையெல்லாம் இப்படிச் சோதித்த நீ, உன் வீட்டை மட்டும் பிளானைப் பார்த்து வாங்கினாய். முடிச்சூரில், முதல் மாடி. பிளானில் இரண்டாவது அறையின் ஜன்னல் வெட்டவெளியைப் பார்த்துத் திறந்தது. கட்டி முடித்தபோது அந்த வெட்டவெளியில் லிஃப்டும் பக்கத்து பிளாக்கின் சுவரும் எழும்பிவிட்டிருந்தன. கழிவறைக் குழாய்கள் இறங்குகிற டக்டைப் பார்த்துத் திறந்தது ஜன்னல். இது உனக்குத் தெரியாமல் இருந்திருக்காது. நீ அந்த அறையில் பேப்பர் படித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வங்கி உனக்குக் கடனின் கடைசித் தவணையைக் கொடுக்க மதிப்பீடு வேண்டியிருந்தது. வங்கி அதை என்னிடம் அனுப்பியது. நண்பன் வீடு, என்னால் ஆகாது என்று நான் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. யாருக்கும் வளையாதவன் என்று எனக்கு என்னைப் பற்றி ஒரு கர்வம் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

நீங்கள் பால் காய்ச்சிக் குடியேறி ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் வந்தபோது நீ வெளியே போயிருந்தாய். உன் அக்காதான் கதவைத் திறந்தார்கள். பம்மலில் நீங்கள் ஒண்டிக்குடித்தனம் இருந்த ஒற்றை அறையையும், அக்கா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்து உன்னைப் படிக்கவைத்ததையும் நான் கூட இருந்து பார்த்தவன். காபியைக் கையில் கொடுத்துவிட்டு என்னை நேரே அந்த அறைக்குத்தான் கூட்டிப்போனார்கள். புது மெத்தை விரிப்பு. சுவரில் அம்மாவின் படம்.

"இதான் என் ரூமு தம்பி. பொறந்ததுலேர்ந்து எனக்குன்னு ஒரு ரூமு இப்பதான் கெடச்சிகீது. நல்லா கீதா?" என்றார்கள்.

"ரொம்ப நல்லா இருக்குக்கா" என்றேன்.

பிறகு, அளக்க வேண்டும் என்று சொல்லி அவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். வெளியே கொளுத்துகிற வெயில். உள்ளே, கையில் இருந்த பேப்பரில் தலைப்புகூடத் தெரியவில்லை. வெளியே வந்து மிச்சக் காபியைக் குடித்தேன். வரேன்க்கா என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய், ரிப்போர்ட்டில் எழுதினேன்: படுக்கையறை ஒன்று, ஸ்டோர் ஒன்று.

அந்த ரிப்போர்ட்டின் நகல் வீட்டுக்கு வரும், அக்கா அதைப் பிரிப்பார்கள், ஸ்டோர் என்ற ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் என்றெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. நீ போனில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாய். "அவ குடுத்த காபிய குடிச்சிட்டு, அவள மூட்டை முடிச்சோட சேத்து எழுதிட்டு போயிருக்கியேடா! நைட்டு சோறு திங்கல அவ. 'நான் ஸ்டோர்லதான் படுத்துகினு கீறனா'ன்னு கேக்கறா. நான் இன்னா பதில் சொல்ல?" ஓர் அறை போனதில் கடன் தொகை குறைந்ததைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "உன் டெஸ்ட்தானே மச்சான்?" என்றேன். நீ போனை வைத்துவிட்டாய்.

அதன்பின் ஒன்றரை வருடம். தாம்பரம் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் இரண்டு தடவை எதிரெதிரே வந்தோம். இரண்டு தடவையும் நான்தான் செல்போனைப் பார்த்தபடி நடந்தேன். நீயே பேசட்டும் என்று இருந்தேன். பேசாமலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பைக்கிலிருந்து சரிந்துவிட்டாய். உன்னைக் கீழே கார் பார்க்கிங்கில் கிடத்தியிருந்தார்கள். எல்லோரும் மாடிக்குப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். எனக்கு அந்தப் படியேறத் துணிவில்லை. உன் காலைத் தொட்டுவிட்டு வந்துவிட்டேன்.

போன மாதம் அக்காவே கூப்பிட்டார்கள். "வூட்ட விக்கப்போறேம்ப்பா. வரவன்லாம் ஒரு ரூமா ரெண்டு ரூமான்னு பேஜார் பண்றான். நீ வந்து உள்ளத எழுதிக் குடு."

போனேன். அக்கா ஹாலில் இருந்து தன் அறை என்று கை காட்டியது வேறு அறையை. கிழக்குப் பார்த்த பெரிய அறை, நீ உனக்கென்று வைத்திருந்தது. அங்கேதான் அக்காவின் கட்டில் இருந்தது, அம்மாவின் படமும். "உன் ரிப்போட்டு வந்த மறுநாளே கட்டில மாத்திப் போட்டுட்டான். வேணாம்டான்னேன், கேக்கல. கடைசி வரைக்கும் அவன் அந்த ரூம்லதான் படுத்தான்" என்றார்கள்.

நான் எழுதிய ஸ்டோரில் நீ படுத்திருந்தாய். ஒன்றரை வருடம்.

அந்த ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்தியபோதுதான் பார்த்தேன். கதவின் உட்புறம், உன் பொடி எழுத்தில் பென்சில் குறிப்புகள். தை, தலைப்பும் இல்லை. பங்குனி, தலைப்பு மட்டும். சித்திரை, மணி பன்னிரண்டு பத்து, தலைப்பும் படத்தில் முகமும். ஆவணி, தலைப்பு. வரி தெரிந்ததாக எங்குமே இல்லை. திரும்பத் திரும்பச் சோதித்திருக்கிறாய். நான் எழுதியது பொய்யாகட்டும் என்றா, சரியாகட்டும் என்றா? கேட்க நீ இல்லை. லைட்டை அணைத்துவிட்டு நானும் பேப்பரைப் பிரித்தேன். அந்த இருட்டில் அழுதது வெளியே கேட்டிருக்கும்.

அக்கா எதுவும் விசாரிக்காமல் காபி போட்டு வைத்திருந்தார்கள். டம்ளரை நான் தொடவில்லை. "அக்கா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இப்பவும் நான் அத ஸ்டோர்னுதான் எழுதணும். அன்னிக்கு நல்லா இருக்குன்னு உங்க மூஞ்சிக்கு நேரா பொய் சொல்லிட்டுப் போனேன். மன்னிச்சிருங்க" என்றேன்.

"எழுதுப்பா. பொய்யா எழுதச் சொல்லியா உன்ன கூப்டேன்? அவனே சொன்னான். 'அவன் எழுதுனது தப்பில்லக்கா, ஒன் மூஞ்சியப் பாத்து சொல்லிட்டு எழுதியிருக்கலாம்'னான். காபிய குடி, ஆறுது."

வீட்டை விற்றுவிட்டு பம்மலுக்கே போகிறார்களாம். ஒரே அறை, தெருவைப் பார்த்து ஜன்னல்.

இன்று சேலையூரில் அந்த அம்மாவிடம் நேராகச் சொன்னேன், இதைப் பெட்ரூம் என்று எழுத முடியாது என்று. அவருடைய மகள் படிப்பதும் படுப்பதும் அங்கேதான். கோபத்தில் கத்தினார். கத்தி முடிக்கிறவரை உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் யார் இங்கே படுக்கிறார்கள் என்று கேட்காமல், அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல், ஒரு ரிப்போர்ட்டும் எழுதுவதில்லை. உன் பேப்பரோடு சேர்த்து இதையும் பையில் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

அன்று கிளம்பும்போது அக்கா படிவத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "எம்மா நீளம், எம்மா அகலம்னு எல்லாத்துக்கும் கட்டம் போட்டுகீறாங்க. எங்க தம்பி இங்கதான் படுத்துகினு இருந்தான்னு எழுத எடம் கீதாப்பா இதுல?" என்று கேட்டார்கள்.

இல்லைக்கா என்றேன். அதில் இடம் இல்லை, மச்சான். அதனால் இதில் எழுதிவிட்டேன்.