ஞாயிற்றுக்கிழமை முழங்கால்

என் உயிருக்குயிரான பெரியண்ணை,

உங்கள் நினைவு நாளுக்கு ஒவ்வொரு வருஷமும் பத்திரிகையில் படமும் நாலு வரியும் போடுவேன். இம்முறை படம் இல்லை, இந்தக் கடிதம்தான். ஊரும் வாசிக்கட்டும். குறிப்பாக ஒருவர் வாசிக்க வேண்டும். அவர் பெயரை எழுதமாட்டேன். அன்றைக்குத் துறைமுகத்தில் உங்களுக்குக் கங்காணி, இன்றைக்கும் எங்கள் மாதா கோயிலில் முன்வரிசை வாங்கில் இருக்கிறவர் என்றால் அவருக்கே விளங்கும்.

போன மாதம் என் வலது முழங்கால் வீங்கியது. உங்களுக்கும் வலதுதான். கரும்பலகைக்கு முன்னால் நின்று பாடம் நடத்த முடியவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. சனியும் ஞாயிறும் படுத்திருந்தேன். திங்கள் காலை வீக்கமும் இல்லை, நோவும் இல்லை. கட்டிலிலிருந்து எழும்பியவன் திரும்ப அதிலேயே இருந்துவிட்டேன். உங்கள் முகம்தான் வந்தது.

வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபின் நீங்கள் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி சுமக்கப் போனீர்கள். அந்தப் பெட்டிகள்தான் என்னைப் படிப்பித்து விஞ்ஞான ஆசிரியனாக்கின. கிழமை முடிவில் உங்கள் முழங்கால் தேங்காய் மாதிரிப் பருத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை வற்றிவிடும். உங்களோடு சுமந்த கிண்ணியா ஹனீபா அதை வைத்துப் பகிடி பண்ணுவார்.

“உன்ட முழங்கால் கவுண்மேந்து முழங்கால்டாப்பா. ஞாயித்துக்கிழமை லீவில நிக்கிது!”

எல்லாரோடும் சேர்ந்து நீங்களும் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்புக்குள் ஒரு நோயின் இலட்சணம் முழுவதும் இருந்தது. படித்த எனக்கு அது விளங்கவில்லை.

சுமை வேலையை விட்டு, துறைமுக வாசலில் கதிரையில் இருந்து, உள்ளே போகிறவர்களின் அனுமதித் துண்டு பார்க்கும் வேலை கேட்டு நான்தான் உங்களுக்கு விண்ணப்பம் எழுதினேன். திங்கட்கிழமை டாக்டர் பார்த்து முடிவு சொல்வார் என்று கடிதம் வந்தது. அன்று நான் சொன்னது நினைவிருக்கிறதா?

“அண்ணை, வியாழக்கிழமையே லீவைப் போட்டிட்டுப் படுங்கோ. நொண்டிக்கொண்டு போய் டாக்டருக்கு முன்னால நிண்டால் பிச்சைக்குப் போன மாதிரி இருக்கும். ஒழுங்கா நடந்து போய், ஒழுங்காக் கதைக்கவேணும்.”

நீங்கள் மறுக்கவில்லை. தம்பி படித்தவன், அவனுக்குத் தெரியும். நாலு நாள் அன்புவழிபுரத்து வீட்டில் காலைத் தலையணையில் தூக்கி வைத்து, ஈரத் துணி சுற்றிக் கிடந்தீர்கள். உடுப்பைத் தோய்த்து மினுக்கி வைப்பதுபோல, உங்கள் முழங்காலையும் அந்த டாக்டருக்காக நான் மினுக்கி வைத்தேன்.

மற்ற ஞாயிறுகளில் வீக்கம் வற்றினாலும் மடங்காத கால் அந்த ஞாயிறு பூசையில் மடங்கியது; இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக நீங்கள் முழந்தாளில் நின்றீர்கள். நன்றி சொல்லத்தான் நின்றீர்கள். பக்கத்தில் எனக்குக் கண் கலங்கியது. இரண்டு வாங்கு பின்னால் கங்காணி நின்றார்.

திங்கட்கிழமை நானும் கூட நிற்க, டாக்டர் உங்கள் காலை மடக்கினார், நீட்டினார், அமத்திப் பார்த்தார். எக்ஸ்ரேப் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். “தேய்வு கொஞ்சம்தான். இந்த வயசில எல்லாருக்கும் இருக்கும்” என்றார். உங்களைக் கூட்டிவந்த கங்காணி கேட்காமலே வாயைத் திறந்தார்.

“நேத்துப் பூசையில முழந்தாளில நிண்டவர் சேர். நான் கண்ணால கண்டனான்.”

டாக்டர் பேனையை மூடினார். அவ்வளவுதான்.

வெளியே வந்து கடற்கரை றோட்டில் நடந்தோம். இனி எழுதப்போவதைக் கங்காணி மட்டுமல்ல, என் பிள்ளைகளும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

“அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. நோ இருக்கோ இல்லையோ?”

“இண்டைக்கு இல்லை. நாளைக்கு வேலைக்குப் போனால் இருக்கும்.”

“தேய்வெண்டால் தேய்வுதான். ஒரு நாள் வந்து ஒரு நாள் போற தேய்வு எங்கேயும் இருக்கே? நான் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறனான் அண்ணை, எனக்குச் சொல்லாதேங்கோ.”

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு கடலைப் பார்த்தீர்கள். “சரி ராசா” என்றீர்கள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் அண்ணை? மன்னித்தீர்களா? அல்லது இவனோடு இனிக் கதைத்துப் பயனில்லை என்று விட்டீர்களா?

இன்னும் இரண்டு வருஷம் பெட்டி சுமந்தீர்கள். கடைசியில் கால் முழுதாக நிமிர மறுத்தது. வேலையை விட்டு வீட்டுக் கதிரையில் இருந்தீர்கள். அதற்குப் பிறகு நெஞ்சு நோ வந்து கொண்டுபோனது. நோ என்ற சொல்லை அந்த றோட்டுக்குப் பிறகு என் முன்னால் நீங்கள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

நான் கங்காணியை வெறுத்தேன். அவர் மகளின் கலியாணத்துக்குப் போகவில்லை. நத்தாருக்கு அவர் கை நீட்டினால் என் கையைப் பொக்கற்றுக்குள் விடுவேன். அந்த டாக்டரையும் வெறுத்தேன். இரண்டு பேரை இத்தனை வருஷம் வெறுப்பது எனக்கு வசதியாக இருந்தது. மூன்றாவது ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை.

இப்போது ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. என் கால் திரும்ப வீங்கியபோது ஊசி போட்டு உள்ளேயிருந்த நீரை எடுத்துக் காட்டினா. தேன் நிறத்தில், முட்டை வெள்ளைக்கருபோல இழுபட்டது.

“இது தேய்வு மட்டுமில்லை சேர். மூட்டுக்கு உள்பக்கம் ஒரு மெல்லிய சவ்வு இருக்கெல்லோ? தேயிற தூள் பட்டு அது அழற்சியாகுது. சிவந்து தடிச்சு, நீரைச் சுரக்குது. சூடும் வீக்கமும் அதாலதான். அந்த அழற்சி பிறகு தானும் சேர்ந்து மூட்டைக் கெடுக்கும். கிழவர்களின்ர தேய்வில இதைப் பெரிசா எடுக்காத டாக்டர்மார் இன்னும் இருக்கினம்.”

“எக்ஸ்ரேயில தெரியாதோ?”

“அதில எலும்புதானே தெரியும். சவ்வு தெரியாது.”

“ஆறுதல் எடுத்தால் வத்திப்போகுமோ?”

“ஓம், வத்தும். முழந்தாளில நிக்கவும் ஏலும். வருத்தம் இல்லையெண்டு அர்த்தமில்லை. நீங்கள் வீங்கின நேரமே வந்து காட்டினது நல்லதாப் போச்சு.”

நான் சுவர்ப்பக்கம் திரும்பினேன். “ஊசி நொந்துட்டுதோ?” என்று அந்தப் பிள்ளை பதறினா. ஓம் என்றேன்.

அந்தச் சவ்வை நான் அறியாதவன் இல்லை, அண்ணை. எத்தனையோ வருஷம் கரும்பலகையில் மூட்டின் படம் கீறியிருக்கிறேன். எலும்பு, அதன் நுனியில் வழுவழுப்பான கசியிழையம், அவற்றைச் சுற்றி மெல்லிய கோடாக அந்தச் சவ்வு. “மூட்டுக்கு எண்ணெய் விடுவது” என்று பெயர் குறித்துவிட்டுக் கதவுப் பிணைச்சலை உதாரணம் காட்டுவேன். கதவுப் பிணைச்சல் வீங்காது, சுடாது. ஹனீபா கண்டுபிடித்த ஞாயிற்றுக்கிழமையும் அதற்குக் கிடையாது. உயிருள்ள ஒன்றை இரும்பாக்கிப் படிப்பித்தேன். அந்த இரும்பை வைத்துத்தான் உங்களைப் பொய்யன் என்றேன்.

கங்காணி அவர்களே, நீங்கள் கண்டதைச் சொன்னீர்கள். சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் உங்களுக்குக் காட்டுவதற்கு அந்த முழங்காலைத் தயார் பண்ணிக் கொடுத்தவன் நான்.

அண்ணை, வருகிற ஞாயிறு உங்கள் நினைவுப் பூசை. கங்காணிக்குப் பக்கத்து வாங்கில் நான் இருப்பேன். எல்லாரும் முழந்தாளிடும் நேரத்தில் இருந்தபடியே இருப்பேன். அன்றைக்கு என் கால் நோகாமலும் இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமைதானே. நொந்தாலும் நோகாவிட்டாலும் எழும்பமாட்டேன், முழந்தாளிடவும் மாட்டேன். அவர் திரும்பிப் பார்ப்பார். “உங்களுக்கு என்ன, நோவோ?” என்று கேட்டால், நீங்கள் எனக்குச் சொன்னதையே அவருக்குச் சொல்வேன்.

இன்றைக்கு இல்லை. நாளைக்கு இருக்கும்.

உங்கள் முதுகில் ஏறிப் படித்து,
உங்கள் சொல்லை நம்பாமல் போன
தம்பி