பிளக் பாயிண்டுக்கு ஒரு வாய்

ஜூன் 9, திங்கள்

வாஷிங் மெஷின் பக்கம் ஒருவழியாக முடிந்தது. சட்டை பேண்ட்டெல்லாம் தின்றுவிட்டு ஒற்றைச் சாக்ஸை மட்டும் துப்புகிறது. தபால் பெட்டி கடிதம் தின்று ஏப்பம் விடுவதும் நன்றாக வந்திருக்கிறது. புத்தகத்துக்குப் பெயர் ‘ஆ காட்டு’. வீட்டிலும் தெருவிலும் வாய் உள்ள சாமான்களுக்கெல்லாம் பசி. அவ்வளவுதான் கதை.

கீழ் வீட்டுத் தனக்கொடியின் மகள் கவிநிலாதான் என் முதல் வாசகி. மூன்றரை வயது. லாஸ்பேட்டை நர்சரியில் டீச்சர் வேலையை விட்ட பிறகு எனக்கு மிச்சமிருக்கும் ஒரே மாணவி. அவள் சிரித்தால் பக்கம் நிற்கும். கொட்டாவி விட்டால் கிழித்துவிடுவேன். இன்று பிளக் பாயிண்ட் பக்கத்தைப் பார்த்து உருண்டு உருண்டு சிரித்தாள். பிளக்கில் மேலே ஒரு பெரிய ஓட்டை, கீழே இரண்டு சின்ன ஓட்டை. தலைகீழாகப் பார்த்தால் இரண்டு கண், ஒரு வாய். அதனால் என் படத்தில் அது சிரசாசனம் செய்துகொண்டு, “எல்லாரும் சாப்ட்டாச்சு, எனக்கு?” என்று கேட்கிறது.

“பாவம், அதுக்குப் பசிக்குது,” என்றாள் கவிநிலா.

இதைவிட நல்ல பக்கம் நான் வரைந்ததில்லை.

ஜூன் 13, வெள்ளி

உப்பளத்தில் பதிப்பகத்துக்குப் போய்ப் படங்களை எல்லாம் கொடுத்துவிட்டு வந்தேன். பதிப்பாளர் விஜயராகவன் சார் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பிளக் பாயிண்டில் நின்றுவிட்டார். “இதுதான் மேடம் அட்டை,” என்றார். இத்தனை வருஷம் பிறர் கதைக்குப் படம் போட்டேன். முதல் முறையாக அட்டையில் என் பெயர் மட்டும். சுமலதா.

ஜூன் 17, செவ்வாய்

தனக்கொடி சிரித்துக்கொண்டே மாடியேறி வந்தாள். கையில் போன். “இத பாருங்கக்கா,” என்றாள்.

வீடியோ. அவர்கள் ஹாலில், டிவிக்குக் கீழே தரையோரம் இருக்கும் பிளக். கவிநிலா தலையைத் தரையில் வைத்து அதைத் தலைகீழாகப் பார்க்கிறாள். பிறகு எழுந்து உட்காருகிறாள். கையில் எவர்சில்வர் ஸ்பூன், அதில் தயிர்சாதம். “ஆ காட்டு... ஆ காட்டு...” ஸ்பூனின் நுனி ஓட்டையில். பின்னால் தனக்கொடியும் அவள் வீட்டுக்காரரும் சிரிக்கிற சத்தம்.

“பிளக்குக்குச் சோறு ஊட்டுதுக்கா.”

“சுவிட்சு ஆஃப்ல இருந்துச்சா?”

“இன்னா?”

“சுவிட்சு, தனக்கொடி.”

“ஆஃப்லதான் இருந்திருக்கும். அதான் ஒண்ணும் ஆவலையே.”

இருந்திருக்கும்.

இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவளோடு சேர்ந்து சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

ஜூன் 18, புதன்

வீட்டில் உள்ள பிளக் எல்லாவற்றிலும் செல்லோடேப் ஒட்டினேன். இந்த வீட்டில் குழந்தையே கிடையாது. யாருக்காக ஒட்டினேன் என்று இவர் கேட்டார். அடுத்த பிளக்குக்குப் போனேன்.

ஜூன் 20, வெள்ளி

தனக்கொடியிடம் வீடியோவை வாங்கி விஜயராகவன் சாருக்கு அனுப்பினேன். அவர் பயந்துபோய் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். உடனே போன் வந்தது. அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“மேடம், இதுக்கு மேல விளம்பரமே வேணாம்.”

ஆபத்து என்றேன். கம்பி, ஸ்பூன், ஷாக் என்றெல்லாம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

“வாஷிங் மெஷினுக்குள்ள குழந்த ஏறி உக்காரலாம். உண்டியலப் பாத்துக் குழந்த காசை முழுங்கலாம். அப்படிப் பாத்தா எதத்தான் போடறது? நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க.”

போனை வைத்த பிறகு மற்றப் பக்கங்களின் நகலை எடுத்துப் பார்த்தேன். வாஷிங் மெஷினின் வாய் திறந்திருக்கிறது. நான்தான் அதற்கு அவ்வளவு ஆசையான வாய் வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் அளவுக்கு.

ஜூன் 24, செவ்வாய்

வீடியோவைப் பதிப்பகத்தின் பக்கத்தில் போட்டுவிட்டார். தனக்கொடிக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டுதான் போட்டாராம். ‘எங்கள் புத்தகத்தின் முதல் வாசகி’ என்று மேலே எழுதியிருக்கிறது.

தனக்கொடி சாயங்காலம் வந்தாள். இப்போது கோபப்படுவாள் என்று வாசலிலேயே நின்றேன்.

“உங்க புக்கப் பாத்துதான் இவ கத்துக்கிச்சாமே. சொல்லவே இல்லியேக்கா? எங்க சொந்தக்காரங்க எல்லாத்துக்கும் அனுப்பிட்டேன்.”

அவளுக்குப் பெருமை. யாருக்குமே பயமில்லை. எனக்கு மட்டும் ஏன்? எனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதா?

வீடியோவை எடுத்துவிடுங்கள் என்று சாரிடம் ஒரு தடவை சொன்னேன். பார்க்கலாம் என்றார். நான் வற்புறுத்தவில்லை. அட்டையில் தனியாக என் பெயர் — அதுவும் ஒரு காரணம். இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன்.

ஜூலை 2, புதன்

கீழே தனக்கொடி கத்தின சத்தம். ஓடிப் போனேன். போனைக் காதில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பாகூரில் அவள் தங்கச்சி சரிதாவோட பையன். இளம்பரிதி. நாலு வயசு. பிளக் ஓட்டையில எல்லாம் ஸ்பூன் காம்ப விட்டிருக்கான். சுவிட்சு ஆன்ல இருந்திருக்கு. தூக்கி அடிச்சிருக்கு. பேச்சு மூச்சு இல்லயாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வராங்களாம்.

தனக்கொடி ஆட்டோவில் போய்விட்டாள். கவிநிலா என்னிடம்தான் இருக்கிறாள். “அண்ணனுக்கு இன்னா ஆச்சு?” என்று கேட்கிறாள். என்ன சொல்வது? அவளை மடியிலிருந்து இறக்கிவிடவே பயம். அவள் கை எதைத் தொட்டாலும் என் கை பின்னாலேயே போகிறது.

பொழைக்கணும். பொழைச்சா போதும். அந்த வாய நான்தான் வரைஞ்சேன். கடவுளே, நான்தான் வரைஞ்சேன்.

ஜூலை 3, வியாழன்

கண் விழித்துவிட்டான். அம்மாவைக் கூப்பிட்டானாம். வலது கையில் இரண்டு விரல் நன்றாக வெந்திருக்கிறது. உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதாகத் தனக்கொடி போனில் சொன்னாள். போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வைத்த பிறகும் நின்றேன்.

விஜயராகவன் சாருக்குப் போன் செய்து சொன்னேன். மத்தியானம் வண்டியை எடுத்துக்கொண்டு மூலக்குளத்துக்கு, எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். வீட்டுக்குள் வரவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்தார்.

“வீடியோவ எடுத்துட்டேன். பிரஸ்லயும் நிறுத்தச் சொல்லிட்டேன்.”

தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“நீங்க சொன்னீங்க மேடம்,” என்றார்.

சொன்னேன். எடுக்கச் சொல்லி ஒரு தடவைதான் சொன்னேன்.

ஜூலை 6, ஞாயிறு

கவிநிலா மாடிக்கு வருவதில்லை. தனக்கொடி சண்டை போடவில்லை. “கொஞ்ச நாளைக்கு வேணாங்க்கா,” என்று மட்டும் சொன்னாள், முகத்தைப் பார்க்காமல்.

ஜூலை 11, வெள்ளி

எதையும் வரைய முடியவில்லை. வாளியை எடுத்தால் தண்ணீர். ஜன்னலை எடுத்தால் கம்பி இல்லாத ஜன்னல். குடை பரவாயில்லை என்று தொடங்கினேன். மொட்டை மாடியிலிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு குதிக்கிற பிள்ளை கண்ணில் வந்து நின்றது. பென்சிலை வைத்துவிட்டேன்.

“நீ வரையலன்னாலும் பிளக்ல ஓட்டை இருக்கத்தான் செய்யும்,” என்கிறார் இவர். ஆறுதலுக்குச் சொல்கிறார். ஓட்டை இருக்கும், சரி. அதற்குப் பசி என்று சொன்னது யார்?

ஜூலை 17, வியாழன்

பையனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். தனக்கொடி ஞாயிற்றுக்கிழமை போகிறாள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். துணி பிழிந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அவங்க இன்னா சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாதுக்கா.”

“பரவாயில்ல.”

“வாங்க, அப்ப.”

பரவாயில்லை என்று எப்படிச் சொன்னேன்?

ஜூலை 20, ஞாயிறு

பஸ்ஸில் தனக்கொடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கவிநிலா அவள் மடியில் தூங்கிவிட்டாள்.

சரிதாவின் புருஷன் கன்னியப்பன் வாசலில் நின்றிருந்தார். கொஞ்சம் நிலம் இருக்கிறது, மற்ற நாளில் டவுனில் வெல்டிங் பட்டறை வேலை. பெரிய கைகள். அந்தக் கைகளைத்தான் முதலில் பார்த்தேன். “உள்ள வாங்க,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்காராமலே சொன்னேன்.

“பிளக்குக்கு வாய் வரைஞ்சது நான்தாங்க.”

“தெரியும். தனக்கொடி சொல்லுச்சு.”

அடுத்து என்ன வரப்போகிறது என்று காத்திருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த வீடியோவ இவனுக்குப் போட்டுக் காட்டுனது நானு. இன்னொரு தடவ போடுப்பான்னான். போட்டேன். சிரிச்சிக்கினே போட்டேன்.”

சரிதா டம்ளரில் மோர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். உடனே பையனிடம் திரும்பிப் போய்விட்டாள்.

பையன் பாயில் உட்கார்ந்திருந்தான். வலது கையில் மணிக்கட்டுவரை வெள்ளைக் கட்டு. அதைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். சரிதா கையைப் பிடித்துக் கீழே இறக்குவாள். விட்டதும் மறுபடி வாய்க்குப் போகும். “வந்ததுலேர்ந்து இதே வேலதான். ரெண்டு வாட்டி பிரிச்சுட்டான், டாக்டரு திட்டறாரு,” என்று அக்காவிடம் சொன்னாள்.

“நீ யாரு?” என்று என்னைக் கேட்டான்.

“படம் வரைவாங்கடா,” என்றாள் தனக்கொடி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் கட்டுப் போட்ட கையை என் முன்னால் நீட்டினான். “இதுல வரை.”

வாய் வரைந்தால் சோறு ஊட்டுவான். கண் வரைந்தால் எதையாவது காட்டப் போவான். கால் வரைந்தால் ஓடுவான். எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. சரிதாவைப் பார்த்தேன். அப்போதுதான் அவளும் என்னைப் பார்த்தாள்.

“கேக்கறான் இல்ல? வரைங்க.”

கன்னியப்பன் சட்டைப் பையிலிருந்து பேனா கொடுத்தார். கட்டின் மேல், அழுத்தாமல், வளைந்த கோடு இரண்டு போட்டேன். மூடிய கண்கள். வாய் போடவில்லை.

“இது இன்னா?”

“தூங்குது.”

கையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, மடியில் இறக்கி வைத்தான். கவிநிலா வாசலிலிருந்து கத்திக்கொண்டு ஓடி வந்தாள். “ஷ்ஷ். தூங்குது,” என்றான். அவளும் உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடும்போது சரிதா ஊட்டினாள், அந்தக் கை மடியை விட்டு அசையவில்லை. டிவி ஓடிக்கொண்டிருந்தது. “சத்தத்தக் கொறம்மா,” என்றான்.

சரிதா எழுந்து போய்க் குறைத்தாள்.

திரும்பும்போது தனக்கொடி பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்தாள், கடிக்கவே இல்ல பாத்தீங்களாக்கா என்று. எனக்குச் சிரிப்பும் வந்தது, குளிரும் எடுத்தது. நான் சொன்னதை அவன் அப்படியே நம்பிவிட்டான். கொஞ்சமும் யோசிக்காமல். கவிநிலாவும் அப்படித்தான் நம்பியிருக்கிறாள். இந்தப் பயம் இனி போகாது என்று தோன்றுகிறது. போக வேண்டாம்.

ஜூலை 22, செவ்வாய்

விஜயராகவன் சார் புத்தகத்துக்கு வேறு பெயர் யோசிக்கச் சொன்னார். அவசரமில்லை என்றும் சொன்னார்.

இனி தூங்குகிற சாமான்கள்; தலையணையில் தொடங்கியிருக்கிறேன். காலையில் இரண்டு தாளைக் கிழித்தேன். சாயங்காலம் கிழிக்கவில்லை. ஒரு பக்கம் முடிந்தது.

கவிநிலா படிக்கட்டில் பாதிவரை ஏறி வந்து நின்று, என்னைப் பார்த்தாள். தனக்கொடி கீழே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதை நிறுத்தினாள். பிறகு மறுபடி தேய்த்தாள். மகளைக் கீழே கூப்பிடவில்லை.