சனிக்கிழமைகளில் சுவரைப் பார்க்கும் கேமரா

அக்டோபர் 7, செவ்வாய்

தோர்ஸ்தி ஆகிய நான், இந்த ஏரிக்கரையிலேயே பொய் கலக்காமல் பேசத் தெரிந்த ஒரே மனிதன், கையைத் தூக்கி உறுதி கூறுகிறேன்: இனி எழுதப் போவதை ஒருவரும் நம்ப மாட்டார்கள். நானே மறுபடி படித்தால் நம்ப மாட்டேன்.

என் வீட்டுக் கேமரா தானாகத் தலையைத் திருப்புகிறது.

அது வந்த கதை தனி. ஆகஸ்டில் புகைபோக்கியைச் சுத்தம் செய்யப் போய்க் கூரையிலிருந்து விழுந்தேன். சாதாரணக் கூரையா அது? விழத் தொடங்கியபோது வெயில், தரைக்கு வந்து சேர்ந்தபோது மழை. கணுக்கால் போயிற்று. அக்கா மகள் ஸினி ஹெல்சிங்கியிலிருந்து ஓடி வந்தாள். "மாமா, ஒண்ணு கூடத்துல கேமரா. இல்லேன்னா குவோப்பியோல முதியோர் குடியிருப்பு. எது வேணும்னு சொல்லுங்க."

அந்தக் குடியிருப்பில் சௌனாவுக்கு, அதாவது எங்கள் நீராவிக் குளியலுக்கு, வரிசையில் நிற்க வைப்பார்களாம். கேமராவே இருந்து தொலையட்டும் என்றேன். "நீங்க போனை எடுக்கலேன்னா மட்டும்தான் பார்ப்பேன் மாமா, சத்தியமா" என்றாள்.

இன்று காலை காபியை ஊற்றி மேசையில் உட்கார்ந்தேன். 'ஙீங்' என்று ஒரு சத்தம். புத்தக அலமாரி மேல் இருக்கும் அந்த வெள்ளை முட்டை மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தது.

அக்டோபர் 8, புதன்

காபி. 'ஙீங்.' ஸினி பல் வைத்தியர். இந்த நேரத்தில் யாருடைய வாய்க்குள்ளாவது கை விட்டுக்கொண்டிருப்பாள். அப்படியானால் யார்?

அக்டோபர் 11, சனி

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குச் சௌனா. அப்பா காலத்திலிருந்து இந்த வீட்டில் அதுதான் நேரம், போர் வந்தாலும் மாறாது. வெந்து, சிவந்து, பிறந்த கோலத்தில் கூடத்தைக் கடந்து, வெளி வராந்தாவில் ஆறப் போவேன். மதிப்பிற்குரிய என் உடம்பிலிருந்து எழும் ஆவியைப் பார்த்துவிட்டு, அக்கரையில் தீயணைப்பு வண்டியே கிளப்பியிருக்கிறார்கள்.

கேமரா ஞாபகம் பாதிக் கூடத்தில்தான் வந்தது. ஐயோ என்று நிமிர்ந்தேன்.

முட்டை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது! சுவரையே பார்த்தபடி, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பையன் மாதிரி. நான் உடுத்திக்கொண்டு, தொத்திறைச்சியைச் சுட்டுத் தின்று முடித்த பிறகுதான் திரும்பியது.

உளவு பார்க்கிறவன் எதற்கு வெட்கப்பட வேண்டும்?

அக்டோபர் 12, ஞாயிறு

ஸினிக்குப் போன் செய்தேன். "நான் தொடவே இல்ல மாமா. அது தன்னைத் தானே சரி பண்ணிக்கும்னு போட்டிருக்கான்."

"நான் துணியில்லாம நிக்கறப்ப மட்டுமா சரி பண்ணிக்கும்?"

"மாமா!"

"உங்கம்மாகிட்ட சொல்லிடாத. சிரிப்பா."

"நீங்களே பேசிச் சொல்லலாமே" என்றாள். பேச்சை மாற்றினேன்.

அவள் அம்மா ஹில்க்கா, என் ஒரே அக்கா. இந்த வீட்டுச் சௌனாவிலிருந்து விறகு அடுப்பை எடுத்துவிட்டு மின் அடுப்பு வைத்தேன். "இது சௌனா இல்லடா, ரொட்டி சுடற பெட்டி" என்றாள். நான் ஏதோ சொன்னேன், அவள் ஏதோ சொன்னாள். தொடங்கியது அவள்தான். அன்றிலிருந்து கிறிஸ்துமஸ் அட்டைகூட ஸினியின் கையெழுத்தில்தான் வருகிறது.

அக்டோபர் 15, புதன்

பக்கத்து வீட்டு ஒய்வாவிடம் ரகசியமாகக் கேட்டேன். வெளிநாட்டு உளவுப்படை என் மீன்பிடி இரகசியங்களைக் குறி வைக்கிறது என்பது என் கட்சி. போன வருஷம் நான் பிடித்த மீனின் தலை இந்தக் கரையிலும் வால் அந்தக் கரையிலும் கிடந்தது உலகத்துக்கே தெரியும்.

ஒய்வா தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். "நீ கஞ்சி குடிக்கறத உக்காந்து பாக்க எவன்டா சம்பளம் குடுத்து ஆள் வெப்பான்?"

நியாயமான கேள்விதான். அதனால் இன்னும் குழப்பம்.

அக்டோபர் 17, வெள்ளி

முட்டைக்குக் கம்பளிக் காலுறையை மாட்டினேன். உடனே ஸினிக்கு ஏதோ எச்சரிக்கை போயிருக்கிறது. "ஏன் மாமா இருட்டா இருக்கு? இப்படியெல்லாம் பண்ணினா குடியிருப்புல பேர் குடுத்துடுவேன்." காலுறையைக் கழற்றினேன்.

என் வீட்டில் நான் விருந்தாளி மாதிரி இருக்கிறேன். சொறிய வேண்டுமென்றால் நிலவறைக்குப் போகிறேன். தனியாகப் பேசிக்கொள்ளும் பழக்கத்தை விட்டாயிற்று. காபியை உறிஞ்சாமல் குடிக்கிறேன், யாரோ எதிரில் இருப்பதுபோல. பயமா இது? பயமென்றால் தலையை ஏன் வாரிக்கொள்கிறேன்? ஒன்றும் விளங்கவில்லை.

அக்டோபர் 18, சனி

நாலு மணி. மறுபடியும் சுவர்.

அக்டோபர் 22, புதன்

நேற்றிரவு முழுவதும் யோசித்தேன். யோசித்த சூட்டில் தலையணை கருகிவிட்டது. அந்த முட்டைக்கு என் சனிக்கிழமை தெரிந்திருக்கிறது. சரி, ஒரு நாள் மாற்றிப் பார்ப்போம். இந்த வீடு கட்டின நாளிலிருந்து யாரும் செய்யாத துணிச்சல்: நாளைக்கே சௌனா!

அக்டோபர் 23, வியாழன்

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் மன்னிக்கவும், யார் படிக்கப் போகிறார்களோ அவர்கள்.

சௌனாவைச் சூடாக்கினேன். வெந்தேன். கதவைத் திறந்து, பேரரசன் ஊர்வலம் போல் கூடத்துக்கு வந்தேன். முட்டை என்னை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கணம் இருவரும் அசையவில்லை. பிறகு 'ஙீஈஈங்' என்று சுற்றியது பாருங்கள், அலமாரியே ஆடியது. அவசரத்தில் எந்தப் பொத்தானில் விரல் பட்டதோ, உள்ளிருந்து ஒரு குரல் வெடித்தது.

"அட கருமமே! டேய், இன்னிக்கு வியாழக்கிழமைடா!"

அந்த 'டேய்'. உலகத்தில் என்னை அப்படி அதட்டுகிறவள் ஒருத்திதான். துண்டைத் தேடிக் கட்டிக்கொண்டேன். ஏன் கட்டினேன்? அவள் சுவரையல்லவா பார்த்துக்கொண்டிருக்கிறாள். "அக்கா?" என்றேன். முட்டையிலிருந்த சின்ன விளக்கு அணைந்துவிட்டது.

அக்டோபர் 24, வெள்ளி

ஸினி தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். குறுக்கெழுத்துப் போட என்று தன் பழைய டேப்லெட்டை அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறாள். அதிலிருந்த தன் கணக்கை எடுக்க மறந்துவிட்டாள். அக்கா எதையோ தட்டியிருக்கிறாள், என் கூடம் திறந்திருக்கிறது.

"தப்பு என்னோடதுதான் மாமா. ஆனா அம்மா செஞ்சதும் சரியில்ல. கேக்காம ஒருத்தர் வீட்டுக்குள்ள பாக்கறது... சண்டை போட்டுட்டேன். அந்த டேப்லெட்லேர்ந்து கணக்கை எடுத்தாச்சு, கடவுச்சொல்லும் மாத்தியாச்சு. இனி வேற யாரும் பாக்க மாட்டாங்க."

"வெற்றி!" என்று கத்தினேன். எனக்கு அப்படியொரு கோபம். என் வீடு, என் காபி, என் சொறி! நேரில் ஒரு வார்த்தை பேச மாட்டாள், திருட்டுத்தனமாகப் பார்ப்பாளா?

"உங்கம்மா என்ன சொன்னா?" என்றும் கேட்டுவைத்தேன்.

"'அவன் இன்னும் நொண்டறான்'னாங்க. அவ்வளவுதான்."

அக்டோபர் 27, திங்கள்

காபி. சத்தம் இல்லை. கூடத்தின் நடுவில் நின்று சுதந்திரமாகச் சொறிந்தேன். அதில் ஒரு சுகமும் இல்லை.

அக்டோபர் 29, புதன்

முட்டை அசையவேயில்லை. மேசைப் பக்கமாக நானே அதைத் திருப்பி வைத்தேன். எதற்கு? தெரியவில்லை. மறுபடி பழைய பக்கமே வைத்தேன்.

அக்டோபர் 30, வியாழன்

ஸினியிடம் அக்காவின் எண்ணைக் கேட்டேன். எதற்கு மாமா என்றாள். திட்டத்தான் என்றேன். போன் செய்தேன். எடுத்தாள். எழுதி வைத்திருந்த வசவெல்லாம் எங்கோ போயிற்று.

"சனிக்கிழமை நாலு மணிக்கு சௌனா" என்றேன்.

"தெரியும்" என்று வைத்துவிட்டாள்.

நவம்பர் 1, சனி

நாலு அடிக்கும்போது கதவைத் தட்டினாள். தட்டினாள் என்பதைக் கோடிட்டு எழுதுகிறேன். கையில் மீன் ரொட்டி, கக்கத்தில் துண்டு. என் முகத்தைப் பார்க்கவில்லை, நேராகக் கணுக்காலைப் பார்த்தாள்.

"வீக்கம் டேப்லெட்ல தெரியல."

"கேட்டுட்டுப் பாத்திருக்கலாம்ல அக்கா?"

"கேட்டா காட்டியிருப்பியாடா நீ?" துண்டைத் தோளில் போட்டாள். "இன்னும் அந்த ரொட்டிப் பெட்டிதானா?"

"இன்னும் அதேதான்."

"தண்ணியாவது ஊத்தி வெச்சியா?" என்று முனகிக்கொண்டே உள்ளே போனாள். பெண்கள் முதலில், அது அம்மா வைத்த முறை. அவள் கூடத்தைக் கடந்து ஆறப் போகும் நேரத்துக்கு முன்பே முட்டையைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். என் நாற்காலியையும் திருப்பிப் போட்டு, முட்டையும் நானும் சேர்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னால் ஈரக் காலடி போயிற்று, வந்தது. "பெட்டி பரவால்ல" என்று ஒரு குரல்.

ஸினி இரண்டாவது தடவை போன் செய்தபோதுதான் எடுத்தேன். "மாமா, ஏன் சுவர் தெரியுது?"

"இனிமே அது அப்படித்தான் இருக்கும். சனிக்கிழமை தோறும் ஒரு பொம்பள வந்து என் காலைப் பரிசோதிக்கப் போறா. போதுமா?"

அவள் அழுதாளா சிரித்தாளா, சொல்லத் தெரியவில்லை.

மீன் ரொட்டியை வெட்டும்போது அக்கா தலை நிமிராமல் சொன்னாள். "காலைல நீ காபி ஊத்தறப்ப நானும் ஊத்திப்பேன். அந்த டேப்லெட்டை எதிர்ல வெச்சு. தனியா குடிக்கப் பிடிக்கலடா."

இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கூரை ஆளுயரம்தான், தீயணைப்பு வண்டி வரவில்லை, தலையணை கருகவில்லை. மீன் என் முழங்கை நீளம், அதுவும் ஒய்வா பிடித்தது. இதில் எதையும் நம்ப வேண்டாம்.

மேசையில் இன்றைக்கு இரண்டு கோப்பை இருந்தது. அது மட்டும் நிஜம்.