இறால் செத்த தண்ணீர்

சேசு மரி சூசை

சாந்தோம்
14-3-1946

அன்புள்ள மகன் வால்டருக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. அப்பாவின் மூட்டுவலியைத் தவிர இங்கே ஆண்டவர் புண்ணியத்தில் குறையொன்றும் இல்லை. நாக்பூர் வெயிலில் நீ தொப்பி போட்டுக்கொண்டு போகிறாயா என்பதுதான் என் கவலை. தவசுக்காலம் தொடங்கிக் கறியை நிறுத்தியும் நம் வீட்டில் மீன் இல்லை. அடையாற்று முகத்துவாரத்தில் மூன்று வாரமாக மீனும் இறாலும் செத்து மிதக்கின்றன. நமக்கு மீன் கொண்டுவரும் கெங்கம்மா வெறுங்கூடையோடு வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் சிரித்து மழுப்புகிறாள்.

சைதாப்பேட்டைச் சலவைக்காரர்கள் துணி வெளுக்கப் போடும் காரம்தான் காரணம் என்று எல்லோரும் சொல்ல, நானும் நம்பி மனு எழுதிக் கொடுத்தேன். அவர்களைத் துறையை விட்டுக் கிளப்பிவிட்டார்கள். அதன் பிறகும் மீன் செத்தது. வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதும் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றுகிற கணக்கு டீச்சர் நான், நானே அதைச் செய்திருக்கிறேன் பார்.

சனிக்கிழமை நானும் கெங்கம்மாவும் கரையோரமாகவே மேற்கே நடந்தோம். ஏரியில் பிடித்த இறாலைச் சட்டியில் உயிரோடு கொண்டுவந்தாள். அங்கங்கே ஆற்றுத் தண்ணீரைக் குவளையில் மொண்டு இரண்டு இறாலை விடுவாள். துள்ளல் அடங்கினால் இன்னும் மேலே நடப்போம். சலவைத்துறையைத் தாண்டியும் செத்தன. இன்னாம்மா, அவங்களுக்கும் மேலண்டயே எறா சாவுதே, பாவம் அவங்களப் போயி தொரத்திட்டோமே என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இன்னும் ஒரு மைல் தாண்டி ஓரிடத்தில் இறால் துள்ளிக்கொண்டே இருந்தது. அங்கிருந்து திரும்பித் தேடியபோது, தாழம்புதருக்குள் ஒரு செங்கல் வாய்க்கால் சிவப்புத் தண்ணீரை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தது. நாற்றம் தாங்கவில்லை. வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே போனால் தோல் பதனிடும் கிடங்கு, நீ ஓவர்சியராக இருந்த அதே கிடங்கு. காவல்காரன் வெள்ளைச்சாமி என்னை அடையாளம் கண்டு ஓடிவந்து, நம்ம வால்டர் ஐயா போட்ட வாய்க்காம்மா, மூணு வருசமாச்சு, ஒரு கல்லு பேரல என்று பெருமையாகச் சொன்னான். போன வருஷங்களில் அந்த அழுக்கை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கும். இந்த வருஷம் மழையில்லை, ஆறு தேங்கிக் கிடக்கிறது. நீ வேலை முடித்து நற்சாட்சிப் பத்திரத்தோடு வந்தபோது தெருவெல்லாம் காட்டினேனே, இந்த அழுக்கெல்லாம் எங்கே போகும் என்று ஒரு வார்த்தை கேட்டேனா?

கெங்கம்மா என்னை வீடுவரை கொண்டுவந்து விட்டாள். வீட்டு வாசலில் நின்று, நான் யாராண்டயும் சொல்லமாட்டேம்மா, நம்ம புள்ள என்றாள். அப்போதுதான் அழுதேன் வால்டர். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நேற்று சலவைக்காரர்களிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். இருபத்தைந்தாம் தேதி ஆற்றைப் பார்க்கச் சுகாதார அதிகாரி வருகிறார். கோயிலில் பாடுவதையும் எண்ணெய்க் குளியலையும் விட்டுவிடாதே. அந்த வாய்க்காலை எங்கே அடைக்கலாம், அழுக்குத் தண்ணீரை எந்தக் குழியில் தேக்கலாம் என்று வரைந்து அதற்குள் அனுப்பு, மறக்காதே. உன்னைக் காக்கும் சம்மனசு உன் பக்கத்திலேயே இருக்கட்டும். நீ வரைந்தது வந்தாலும் வராவிட்டாலும் அன்று அதிகாரியிடம் உன் பெயரைச் சொல்வேன். கெங்கம்மா சொல்லமாட்டாள், அதனால் நான்தான் சொல்ல வேண்டும்.

உன் அம்மா
டோரதி